‘பக்கா’: ஆங்கிலப் பேச்சுவழக்குப் பெயரடை ஒன்றன் பொருளும் தோற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘மிகச் சிறந்தது’, ‘அசலானது’ என்னும் பொருள்களில் வழங்கும் பேச்சுவழக்குப் பெயரடை ‘பக்கா’. இந்தியிலிருந்து ஆங்கிலம் பெற்ற இச்சொல்லின் மூலம் ‘சமைத்தது, கனிந்தது’ என்று பொருள்படும் வடமொழிச் சொல்லாகும். இக்கட்டுரை அச்சொல்லின் ஒலி வரலாற்றையும் பொருள் வரலாற்றையும் ஆராய்கின்றது. ‘கச்சா’ என்னும் எதிர்ச்சொல்லோடு இணைந்து நின்றவரை இச்சொல் பொருள்களையும் மனிதர்களையும் தரம் பிரிக்கும் அளவுகோலாக இயங்கியது என்பதும், அவ்விணையை இழந்த பின்னரே ஆங்கிலத்தில் அது வெறும் பாராட்டுச் சொல்லாயிற்று என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. தமிழில் வழங்கும் பக்கா, கச்சா, பக்குவம் ஆகிய சொற்களின் நிலையும் ஒப்பிட்டுக் காட்டப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், கடன்சொல், பொருள் மாற்றம், எதிர்ச்சொல் இணை, பக்கா, கச்சா, பக்குவம்.

முன்னுரை

ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும் சொல் தன் பழைய உறவுகள் அனைத்தையும் உடன்கொண்டு செல்வதில்லை. பொருள்களுள் சில உடன்வருகின்றன. சில வழியிலேயே உதிர்கின்றன. புதிய நிலத்தில் புதிய பொருள்கள் தோன்றுகின்றன. ஆகவே, ஒரு கடன்சொல்லின் வரலாற்றை எழுதுவோர் அது எங்கிருந்து வந்தது என்பதோடு, எதனோடு வந்தது, எதனை இழந்தது என்பதையும் காட்ட வேண்டியவராகின்றனர்.

ஆங்கிலப் பேச்சுவழக்குப் பெயரடைகள் பலவற்றின் தோற்றம் இருண்டு கிடக்கின்றது. அவை எழுத்தில் பதிவாவதற்கு முன்னரே நெடுங்காலம் வாய்மொழியில் உலவியிருத்தல் இதற்குரிய முதன்மைக் காரணம். ‘பக்கா’ இதற்கு விதிவிலக்காகும். பயணநூல்கள், ஆட்சிக் குறிப்புகள், அகராதிகள், புனைகதைகள் எனப் பலவகை எழுத்துகளில் இது தடம் பதித்துள்ளது. அன்றியும், இச்சொல் தமிழர் நாவிலும் அன்றாடம் வழங்குவதால் இதன் வரலாறு தமிழ்ச் சொல்லாய்வுக்கும் பயன்படுவதாகும்.

1. இன்றைய ஆங்கில வழக்கு

இன்றைய பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘பக்கா’ மூன்று பொருள்களில் வழங்குகின்றது. முதலாவது, ‘போலியல்லாத, அசலான’ என்பது. இரண்டாவது, ‘முறைமை வழுவாத, உயர்குடிக்குரிய’ என்பது. மூன்றாவது, ‘மிக நன்றான’ என்பது. முதலிரண்டும் பழையவை. மூன்றாவது மட்டுமே இளைஞர் பேச்சில் செல்வாக்குப் பெற்றது. அகராதிகள் பொதுவாக இதனைப் பேச்சுவழக்கு என்று குறிக்கின்றன. பெயருக்கு முன் அடையாக நிற்பதோடு, ‘இந்த உணவு பக்கா’ என்பதுபோல் பயனிலையாகவும் இது வரும்.

இதன் எழுத்துக்கூட்டலும் கருதத்தக்கது. இந்தியில் முதலசையில் உள்ளது குற்றுயிர் அகரம். ஆங்கிலேயர் அதனைத் தம் மொழியில் ‘வெட்டு’ என்று பொருள்படும் ‘கட்’ என்னும் சொல்லின் உயிரொலிக்கு நெருங்கியதாகக் கேட்டு, ‘யு’ என்னும் எழுத்தால் குறித்தனர். பண்டிதர், ஜங்கிள், பங்களா ஆகிய சொற்கள் ஆங்கிலத்தில் அவ்வெழுத்தைப் பெற்றதும் இம்முறையாலேயே. தமிழ்ச்சொல்லாகிய கறி ஆங்கிலம் புகுந்தபோதும் அகரத்திற்கு அதே எழுத்து இடப்பட்டது. வட இங்கிலாந்தில் அவ்வெழுத்தின் ஒலி உகரத்தை ஒத்திருப்பதால், அப்பகுதியினர் வாயில் இச்சொல் ‘புக்கா’ என்று ஒலிக்கின்றது. எழுத்தால் குறிக்கப்பட்ட அகரம் அவ்வெழுத்தாலேயே உகரமாகத் திரிந்தமைக்கு இது சான்றாகும்.

2. வேரும் கிளைகளும்

‘பக்கா’வின் மூலம் வடமொழியில் ‘பக்வ’ என்னும் சொல். ‘பச்’ என்னும் வினையடிக்குச் சமைத்தல், வேகவைத்தல், பழுக்கச்செய்தல் என்பன பொருள். எனவே ‘பக்வ’ என்பது வெந்தது, சுட்டது, பழுத்தது, முதிர்ந்தது என விரியும். நெருப்பால் பதப்படுதலும் வெயிலாலும் காலத்தாலும் பதப்படுதலும் ஒரே வினையடியால் குறிக்கப்பட்டமை இங்கு நோக்கத்தக்கது. பிற்காலப் பொருள்கள் அனைத்திற்கும் இதுவே வித்து.

ஒப்பியல் மொழிநூலார் இவ்வினையடியைத் தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியின் ‘பெக்வ்’ என்னும் வேரோடு பொருத்துவர். கிரேக்கத்தில் இவ்வேர் செரித்தலையும் கனிதலையும் குறிக்கும் சொற்களாயிற்று. இலத்தீனில் முதலெழுத்தாகிய பகரம், பின்வந்த ஒலியின் ஈர்ப்பால் ககர இனமாக மாறி, சமைத்தலைக் குறிக்கும் ‘கொக்வோ’ என்னும் வினையாயிற்று. ஐந்தைக் குறிக்கும் வடமொழிப் ‘பஞ்ச’ என்பதற்கு நேராக இலத்தீனில் ‘க்வின்க்வே’ என்றிருப்பதும் இதே ஒலிமாற்றத்தின் விளைவாகும். ஆதலால் இது தனியொரு சொல்லுக்கு நேர்ந்த விபத்தன்று, முறைப்பட்ட மாற்றமே.

இவ்வேரின் கிளைகள் ஆங்கிலத்தில் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்துள்ளன. சமையற்காரரைக் குறிக்கும் ‘குக்’, சமையலறையைக் குறிக்கும் ‘கிச்சன்’, இருமுறை சுடப்பட்டது என்று பொருள்படும் ‘பிஸ்கட்’ ஆகியவை இலத்தீன் வழியின. சுடுமண்ணைக் குறிக்கும் ‘டெரகோட்டா’ இத்தாலிய வழியினது. முன்னதாகப் பழுப்பது என்னும் பொருளில் இலத்தீனில் தோன்றி, அரபு வழியே சுற்றிவந்தது ‘ஆப்ரிகாட்’. பூசணியைக் குறிக்கும் ‘பம்கின்’ கனிந்தது என்னும் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல். செரிமானம் பற்றிய ‘பெப்டிக்’, ‘டிஸ்பெப்சியா’ முதலிய மருத்துவச் சொற்களும் அவ்வழியினவே. இவற்றோடு, இந்தி வழியாக வந்து சேர்ந்த கடைக்குட்டியே ‘பக்கா’. ஆங்கிலச் சமையலறையில் ‘குக்’ என்பவரும் ‘பக்கா’ என்னும் பாராட்டும் ஒரே குடும்பத்தினர் என்பதைப் பேசுவோர் அறிவதில்லை.

3. இந்தியில் எய்திய வடிவம்

வடமொழிப் ‘பக்வ’, பாலியிலும் பிராகிருதங்களிலும் ‘பக்க’ என்றாயிற்று. வகரம் தன்முன் நின்ற ககரத்தோடு ஓரினமாகி இரட்டித்தது. பிராகிருத இரட்டிப்புகள் பிற்கால வட இந்திய மொழிகளில் பொதுவாக ஒற்றையாகக் குறைந்து, முன்னின்ற குற்றுயிர் நெடிலாகும். வடமொழிச் ‘சப்த’, பிராகிருதத்தில் ‘சத்த’ எனவும் இந்தியில் ‘சாத்’ எனவும் ஆனது இதற்கு எடுத்துக்காட்டு. அவ்விதிப்படி ‘பாகா’ என்னும் வடிவமே எதிர்பார்க்கத்தக்கது. வங்கமொழியில் அத்தகைய நெடில் வடிவமே இன்றும் வழங்குகின்றது. இந்தியிலோ இரட்டிப்புக் கெடாமல் ‘பக்கா’ என நிலைத்தது. இரட்டிப்பைக் காக்கும் இயல்புடைய பஞ்சாபி முதலிய வடமேற்கு மொழிகளின் தாக்கத்தால் இவ்வடிவம் நிலைபெற்றது எனக் கருதுவர். ஆங்கிலம் கடன்பெற்றது இவ்விரட்டித்த வடிவத்தையே என்பதால், கடன்கொடுத்த மொழி வங்கமன்று, இந்துஸ்தானியே என்பது ஒலிச்சான்றால் உறுதியாகின்றது. கல்கத்தா ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடமாக இருந்த நிலையிலும் இவ்வாறு நேர்ந்தமை, அவ்வாட்சியின் பொதுத் தொடர்புமொழி எதுவென்பதையும் உணர்த்துகின்றது.

4. கச்சாவும் பக்காவும்: ஓர் இணையின் ஆட்சி

இந்தியில் ‘பக்கா’ தனித்து இயங்கும் சொல்லன்று. ‘கச்சா’ என்பதன் மறுபாதியாகவே இயங்குவது. கச்சா என்பது வேகாதது, பழுக்காதது, முடிவுறாதது. இவ்விணை வாழ்வின் பல துறைகளையும் இரண்டாகப் பகுத்தது. சாயம் போகும் நிறம் கச்சா, போகாத நிறம் பக்கா. சாத்திரிய இசை ‘பக்கா’ப் பாட்டு எனப்பட்டது.

இவற்றுள் சமூக நோக்கில் மிக முதன்மையானது உணவுப் பாகுபாடு. வட இந்தியச் சாதி வழக்கில் நீரில் வெந்த உணவு கச்சா எனவும், நெய்யில் பொரித்தது பக்கா எனவும் கொள்ளப்பட்டன. நீரில் வெந்ததைத் தம்மினும் தாழ்ந்தோராகக் கருதப்பட்டோரிடமிருந்து ஏற்பது தீட்டெனப்பட்டது. நெய்யுணவை ஏற்பதில் அத்துணைக் கட்டுப்பாடு இல்லை. லூயி டூமோன் 1966இல் வெளியிட்ட சாதியமைப்பு பற்றிய நூல் உட்பட, மானிடவியலாளர் பலர் இதனை விரிவாக ஆய்ந்துள்ளனர். இங்கு இரண்டு உணவும் வெந்தவையே. ஆகவே பக்கா என்பது வெந்த நிலையைச் சுட்டுவதை விடுத்து, யார் கையால் யார் உண்ணலாம் என்னும் படிநிலையைச் சுட்டுவதாயிற்று. சமையலின் சொல் மனிதரைத் தரம் பிரிக்கும் சொல்லாக மாறிய முதற்கட்டம் இதுவேயாகும்.

5. ஆங்கிலத்தில் புகுதல்

ஆங்கில வணிகர் இச்சொல்லை முதற்கண் எதிர்கொண்ட இடங்களுள் ஒன்று எடைக்கல். முகலாய இந்தியாவில் ஒரே பெயருடைய எடை இரண்டு அளவுகளில் வழங்கியது. பெரியது பக்கா, சிறியது கச்சா. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் பயணம் செய்த மருத்துவர் ஜான் பிரையர் 1698இல் வெளியிட்ட பயணநூலில் மணங்கு என்னும் எடையைப் பற்றிக் கூறுமிடத்து இச்சொல் வருகின்றது. வணிகருக்கு இது வெறும் சொல்லன்று. இலாபத்தையும் நட்டத்தையும் தீர்மானிப்பது.

கிழக்கிந்தியக் குழுமத்தின் ஆட்சி விரிந்தபோது சொல்லும் விரிந்தது. இவ்விரிவை ஒருசேரக் காட்டும் ஆவணம், ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி. இவ்விருவருள் பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். தென்னிந்தியத் தொல்லெழுத்தியல் பற்றி நூல் எழுதியவர். அவர் 1882இல் மறைந்தபின் யூல் பணியை நிறைவு செய்தார்.

அவ்வகராதி இவ்விணையை விளக்கும் முறை தனிச்சிறப்புடையது. பொருள்வரையறை கூறி அமையாது, கச்சாவுக்கும் பக்காவுக்கும் உரிய பொருள்களை எதிரெதிரே நிறுத்திக் காட்டுகின்றது. அதன் சாரம் வருமாறு:

செங்கல்: வெயிலில் உலர்ந்தது கச்சா, சூளையில் சுட்டது பக்கா.
வீடு: மண்ணால் ஆனது கச்சா; செங்கல்லும் காரையும் கொண்டு கட்டியது பக்கா.
சாலை: மண்பாதை கச்சா, கல் பரப்பி இறுக்கியது பக்கா.
பதவி: தற்காலிகமானது கச்சா, நிலையானது பக்கா.
கணக்கு: கரடான குறிப்பு கச்சா, சரிபார்த்து முடித்தது பக்கா.
தையல்: அளவு பார்க்க இடும் ஓட்டுத்தையல் கச்சா; நிலையான தையல் பக்கா.
அயோக்கியன்: திறமற்றவன் கச்சா, முற்றத் தேர்ந்தவன் பக்கா.

இப்பட்டியலின் இறுதிப் பதிவு சிறப்பாக நோக்கத்தக்கது. நகைச்சுவை இழையோட எழுதப்பட்டதாயினும், அது சொல்லின் பொருண்மையைத் துல்லியமாக வெளிப்படுத்துகின்றது. அயோக்கியனும் பக்காவாக இருத்தல் கூடும் எனில், 19ஆம் நூற்றாண்டில் இச்சொல் ‘நல்லது’ என்று பொருள்படவில்லை. ‘முழுமையானது, குறைவிடாதது’ என்றே பொருள்பட்டது. பாராட்டு இன்னும் சொல்லுக்குள் புகவில்லை.

6. மனிதரை அளந்த சொல்

பாராட்டு புகுந்த வழி ‘பக்கா சாகிப்’ என்னும் தொடர். நிலையான பதவியும் நிலையான வீடும் உடைய ஆங்கிலேய அதிகாரியே முழுமையான துரை எனப்பட்டார். பிறப்பு, கல்வி, பேச்சு, உடை, உள்நாட்டாரிடம் காக்கும் தொலைவு ஆகியவை அம்முழுமையின் அளவுகளாயின. அதே காலத்தில், கலப்பு வழியினரான ஆங்கிலோ-இந்தியரை இழித்துரைக்கக் ‘கச்சா’ என்னும் சொல் பயன்பட்டது. வேகாதது என்னும் பொருள் இங்கு மனிதர்மீது ஏற்றப்பட்ட இழிவாயிற்று. வட இந்தியச் சாதி வழக்கில் உணவை வைத்து மனிதரைப் படிநிலைப்படுத்திய இணை, குடியேற்ற ஆட்சியில் இனத்தை வைத்துப் படிநிலைப்படுத்தும் இணையாக மறுபிறப்பு எய்தியது.

இந்நிலையைத் திறனாய்ந்த புனைகதைகளுள் ஜார்ஜ் ஆர்வெல் 1934இல் வெளியிட்ட ‘பர்மிய நாட்கள்’ குறிப்பிடத்தக்கது. பர்மாவில் காவல் அதிகாரியாகப் பணியாற்றிய அவர், பக்கா சாகிப் என்னும் ஒழுக்கநெறி அதனைப் பின்பற்றுவோரையே சிறைப்படுத்துவதைக் காட்டினார். அந்நாவலில் இத்தொடர் பெருமிதமாகவும் எள்ளலாகவும் ஒருசேர ஒலிக்கின்றது. ஆட்சி தளரத் தொடங்கிய காலத்தில் சொல்லும் தன் உறுதியை இழந்து எள்ளலுக்கு உரியதாயிற்று என்பது இதனால் பெறப்படும்.

7. தாயகம் திரும்பியோர் கொண்டுசென்ற சொல்

இச்சொல் பிரிட்டனின் உயர்குடியினர் பேச்சில் மட்டும் தங்கிவிடவில்லை. அதனைப் பொதுமக்களிடம் பரப்பியோர் படைவீரர்கள். இந்தியாவில் நெடுங்காலம் தங்கிய படைப்பிரிவுகள் இந்துஸ்தானிச் சொற்கள் பலவற்றைத் தம் குழூஉக்குறியாகக் கொண்டன. எளிதான பணியைக் குறிக்கும் ‘குஷி’, தாயகத்தைக் குறிக்கும் ‘பிளைட்டி’, பார்வையைக் குறிக்கும் ‘டெக்கோ’, பித்தினைக் குறிக்கும் ‘டூலாலி’ ஆகியன அவற்றுட் சில. இறுதியது, மகாராட்டிரத்தில் உள்ள தேவலாலி என்னும் படைமுகாமின் பெயரால் பிறந்தது. முதல் உலகப்போர் இச்சொற்களைப் பிரிட்டனின் பொதுச்சொத்தாக்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வான்படையினர் நம்பத்தக்க செய்தியைப் ‘பக்கா’ச் செய்தி என வழங்கினர். இங்குச் சாகிப் மறைந்துவிட்டார். ‘அசலானது, நம்பத்தக்கது’ என்னும் பொருளே எஞ்சியது.

உணவுத்துறை இச்சொல்லைப் பின்னர் ஏற்றுக்கொண்டது. 1960களில் லெஸ்டர்ஷயரில் தோன்றிய இறைச்சிப் பணியார நிறுவனம் ஒன்று ‘பக்கா பைஸ்’ என்னும் பெயரைச் சூடியது. 1999இல் பிபிசியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய சமையல் நிகழ்ச்சியில் ஜேமி ஆலிவர் என்னும் இளம் சமையற்கலைஞர் சுவையான உணவு அனைத்தையும் ‘பக்கா’ என்று பாராட்ட, இளந்தலைமுறையிடையே சொல் புத்துயிர் பெற்றது. சமையலில் பிறந்த சொல், செங்கல், பதவி, இனம், செய்தி ஆகியவற்றைக் கடந்து, மீண்டும் சமையலறையையே வந்தடைந்தது. எனினும் இது பழம்பொருளின் மீட்சியன்று. ஆலிவரின் வாயில் அது ‘வெந்தது’ என்று பொருள்படவில்லை; உப்பிடாத பச்சைக் காய்கறியும் பக்காவாகலாம். வேர்ப்பொருள் முற்றிலும் மறைந்த நிலையிலேயே சொல் தன் பிறப்பிடத்தைச் சேர்ந்தது.

இம்மாற்றத்திற்கு அடிப்படை, ‘கச்சா’ என்னும் எதிர்ச்சொல் பிரிட்டனில் வேரூன்றாமையே. இணை இருந்தவரை பக்கா என்பது ஓர் அளவீட்டின் ஒரு முனை. அயோக்கியனையும் செங்கல்லையும் அது ஒன்றுபோல் அளந்தது. மறுமுனை அறுந்தபின் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. பாராட்டு மட்டுமே எஞ்சியது. பொருள்நூலார் உயர்பொருட்பேறு என்று கூறும் மாற்றம் இங்கு எதிர்ச்சொல்லின் இழப்பால் நிகழ்ந்துள்ளது.

8. சான்றும் கதையும்: ‘போஷ்’ என்னும் சொல்லோடு ஒப்பீடு

பக்காவோடு பொருளால் நெருங்கிய மற்றொரு பேச்சுவழக்குப் பெயரடை ‘போஷ்’. பகட்டான, உயர்குடிக்குரிய என்பன அதன் பொருள். இந்தியாவுக்குக் கப்பலில் வந்த செல்வர்கள், வெயில் படாதவாறு போகும்போது இடப்புற அறையும் திரும்பும்போது வலப்புற அறையும் பெற்றனர் எனவும், அவ்வாங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே இச்சொல்லாயின எனவும் ஒரு விளக்கம் பரவலாகக் கூறப்படுகின்றது. ஆயின், அவ்வெழுத்துகள் பொறித்த பயணச்சீட்டு எதுவும் சான்றாகக் கிடைக்கவில்லை. முதலெழுத்துகளால் சொல்லாக்கும் வழக்கமும் அக்காலத்தில் அரிது. அகராதியாளர் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை.

‘போஷ்’ பற்றிய கதை இனியது, சான்றற்றது. ‘பக்கா’வின் வரலாறோ ஒலிவிதிகளாலும் தேதியுள்ள ஆவணங்களாலும் படிப்படியாக நிறுவத்தக்கது. செவிக்கு இனிய விளக்கம் மெய்யான விளக்கமாகிவிடாது என்பதனை இவ்விரு சொற்களும் அருகருகே நின்று உணர்த்துகின்றன. ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு வேர் காண முற்படும் தமிழ்ச் சொல்லாய்வுகளுக்கும் இப்பாடம் பொருந்தும்.

9. தமிழில் மூன்று சொற்கள்

தமிழில் இவ்வேரின் வரவு இருமுறை நிகழ்ந்தது. முதல் வரவு ‘பக்குவம்’. வடமொழிப் ‘பக்வ’ என்பதன் மெய்ம்மயக்கம் தமிழ் மரபுக்கு ஒவ்வாமையின் இடையே உகரம் தோன்றிப் பக்குவம் ஆயிற்று. ‘தத்வ’ என்பது தத்துவம் ஆனதும் இவ்வாறே. சமையற் பதம், மருந்தின் பதம், மனமுதிர்ச்சி, பெண் பருவமெய்துதல் எனப் பக்குவம் பொருள் விரிந்தது. சைவ சித்தாந்தத்தில் உயிரின் மலம் நீங்கத் தகும் நிலை மலபரிபாகம் எனப்படும். அச்சொல்லின் ‘பாகம்’ என்பதும், நளபாகம் என்பதில் உள்ள ‘பாகம்’ என்பதும் ‘பச்’ என்னும் அதே வினையடியில் பிறந்தவையே. அடுப்பங்கரையும் வீடுபேறும் ஒரே வேரால் பேசப்படுகின்றன.

இரண்டாம் வரவு ‘பக்கா’. இது தாசில்தார், வசூல், பாக்கி, ரசீது, ஜப்தி முதலியனபோல் இந்துஸ்தானி ஆட்சிவழக்கின் வாயிலாக வந்தது. ஆங்கிலத்தின் வாயிலாக வந்ததன்று. ஆங்கிலத்தில் குறுகி ஒலிக்கும் ஈற்றுயிர் தமிழில் நெடிலாகவே நிற்றலும், ஆங்கிலம் இழந்த ‘கச்சா’ தமிழில் உடன் வழங்குதலும் இதற்குச் சான்றுகள். பக்காப்படி என்னும் முகத்தலளவைப் பெயரும் பழைய அளவைப்பொருள் இங்கும் வழங்கியதைக் காட்டுகின்றது. ஆகவே பக்குவமும் பக்காவும் ஒரு வேரின் இரு தளிர்கள். தொல்காப்பியர் வகுத்த பாகுபாட்டின்வழி நோக்கின், முன்னது வடசொல். பின்னதைத் திசைச்சொல்லாகக் கொள்ள இடமுண்டு.

தமிழில் இவ்விணை அறுபடவில்லை, ஆனால் பிரிந்துவிட்டது. ‘கச்சா’ எழுத்து வழக்கில் நிலைபெற்றது. கச்சா எண்ணெய், கச்சாப்பொருள் என நாளேடுகளும் பாடநூல்களும் எழுதுகின்றன. ‘பக்கா’வோ பேச்சு வழக்கோடு நின்றது. பக்கா திட்டம், பக்கா ரவுடி, பக்காவாக முடித்தான் என வழங்குவர். 2018இல் ‘பக்கா’ என்னும் பெயரிலேயே தமிழ்த் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. கச்சா எண்ணெய்க்கு எதிர்ச்சொல் பக்கா எண்ணெய் என்று எவரும் கூறார்; சுத்திகரித்த எண்ணெய் என்றே கூறுவர். எனினும், ரவுடியும் பக்காவாக இருத்தல் கூடுமென்பதால், யூலும் பர்னெல்லும் பதிவு செய்த 19ஆம் நூற்றாண்டுப் பொருளைத் தமிழ்ப் பேச்சு இன்றளவும் காத்து நிற்கின்றது. பிரித்தானிய ஆங்கிலம் அதனைக் கைவிட்டது.

தமிழுக்கு இவ்வுருவகம் புதியதன்று. பச்சைச் செங்கல், சுட்ட செங்கல் என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. தீய வழியில் ஈட்டிய பொருளைச் சுடாத மண்கலத்தில் இட்ட நீருக்குத் திருக்குறள் (660) ஒப்பிடுகின்றது. முழுமையற்ற அறிவினரை அரைவேக்காடு என்பதும், நெடிய பட்டறிவினரைப் பழுத்தவர் என்பதும் இவ்வகையினவே. சமைத்தலும் கனிதலும் மனித முழுமைக்கு உருவகமாதல் மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான சிந்தனை என்பது இதனால் தெளிவாகும்.

10. இன்றும் அளக்கும் சொல்

பிரிட்டனில் பாராட்டாகத் தேய்ந்த இச்சொல், இந்திய அரசின் ஆங்கிலத்தில் கண்டிப்பான கலைச்சொல்லாக வாழ்கின்றது. தேசிய மாதிரி ஆய்வு வீடுகளைப் பக்கா, அரைப்பக்கா, கச்சா என மூன்றாகப் பகுக்கின்றது. சுவர், கூரை இரண்டும் சுட்ட செங்கல், சிமெண்டு, கல், ஓடு, உலோகத்தகடு முதலியவற்றால் ஆனவை பக்கா. இரண்டும் சுடாத செங்கல், மண், மூங்கில், புல், ஓலை முதலியவற்றால் ஆனவை கச்சா. ஒன்று மட்டும் உறுதியானதாயின் அரைப்பக்கா. சுட்டது, சுடாதது என்னும் வடமொழி வேர்ப்பொருள் இவ்வரையறைக்குள் சிதையாமல் உறைந்திருத்தல் வியப்பிற்குரியது.

இவ்வரையறை வெறும் புள்ளிவிவரத்திற்கு உரியதன்று. 2015இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், நாட்டின் எப்பகுதியிலும் பக்கா வீடு இல்லாத குடும்பமே பயன்பெறத் தகுதியுடையது என விதிக்கப்பட்டது. 2016இல் தொடங்கப்பட்ட ஊரகத் திட்டம் வீடற்றோரையும் கச்சா வீட்டில் வாழ்வோரையும் கருதியது. ஆக, ஒரு பெயரடையின் பொருளெல்லை ஏழைக் குடும்பம் ஒன்றன் உரிமையெல்லையாகின்றது. உலோகத்தகடு வேய்ந்த கூரையும் கல்நார்த் தகட்டுக் கூரையும் ‘பக்கா’ப் பொருள்களின் பட்டியலில் இடம்பெறுதல், வெப்பத்தில் தகிக்கும் ஒரு வீடும் சொல்லளவில் முழுமையானதாகக் கொள்ளப்பட வழிவகுக்கும். சொல்லின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிதன்று. உணவிலும் இனத்திலும் கோடு கிழித்த அதே சொல், இன்று கூரையின்மீது கோடு கிழிக்கின்றது. தமிழ் ஆட்சிவழக்கு குடிசை, கூரைவீடு, ஓட்டுவீடு, கான்கிரீட் வீடு எனப் பொருளைப் பெயரால் சுட்டுகின்றமையின், இவ்வாறான மயக்கத்திற்கு அதனுள் இடம் குறைவு.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

‘பக்கா’ என்னும் ஆங்கிலப் பேச்சுவழக்குப் பெயரடை வடமொழிப் ‘பக்வ’ என்பதிலிருந்து பிராகிருதம், இந்துஸ்தானி வழியே வந்தது. இரட்டித்த ககரம் அதன் வழியை உறுதிசெய்கின்றது.

வெந்தது, முழுமையானது, நிலையானது, அசலானது, சிறந்தது என்பதே அதன் பொருள் வளர்ச்சியின் வரிசை.

பாராட்டுப் பொருள் சொல்லின் இயல்பிலேயே அமைந்ததன்று. ‘பக்கா சாகிப்’ என்னும் வழக்கால் அது புகுந்து, ‘கச்சா’ என்னும் எதிர்ச்சொல்லின் இழப்பால் நிலைத்தது.

தமிழ், அச்சொல்லைத் தனியே பெற்று, முழுமை என்னும் பழைய நடுநிலைப் பொருளைக் காத்துள்ளது; எதிர்ச்சொல்லை வேறொரு வழக்கடுக்கில் நிறுத்தியுள்ளது.

உணவு, இனம், வீடு ஆகிய மூன்று களங்களிலும் இச்சொல் மனிதரிடையே எல்லை வகுக்கப் பயன்பட்டுள்ளது. ஆதலின், ஆட்சித்துறை இதனைக் கலைச்சொல்லாகக் கொள்ளும் இடங்களில் வரையறையைக் காலந்தோறும் மறுபார்வை செய்தல் வேண்டும்.

இந்தியாவிலிருந்து ஆங்கிலம் பெற்ற பிற பெயரடைகளையும் அவற்றின் எதிர்ச்சொற்களோடு வைத்து ஆராயின், இணையிழப்பால் நேரும் பொருள்மாற்றம் பற்றிய பொதுவிதி ஒன்றை வகுத்தல் இயலும்.